யாருமில்லாத காடு என்று எழுதப்பட்ட காடு: கொட்டியாரப் பற்று, ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை மாவட்டத்து மூதூர் கிழக்கில் பாட்டாளிபுரம், வீரமாநகர், நல்லூர், இளக்கந்தை, உப்பூறல் என்று காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர்கள், அதற்குத் தெற்கே வெருகல் பக்கத்தில் இலங்கைத்துறை முகத்துவாரம், வாழைத்தோட்டம். இங்கே இருக்கிற சனத்தில் ஒரு பகுதியினர் இலங்கையின் ஆதிகுடிகளான வேடரில் ஒரு பிரிவினர், கரையோர வேடர். தமிழ்தான் பேசுகிறார்கள், கோயில் குளம் எல்லாம் நம்மோடுதான், பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். தேன் எடுப்பார்கள், களப்பில் மீன் பிடிப்பார்கள், விறகு வெட்டுவார்கள், காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்வார்கள், கூலிக்கும் போவார்கள். திருகோணமலை டவுனில் பத்துப் பேரிடம் கேட்டால் ஏழெட்டுப் பேர் "வேடர் என்றால் தம்பானையில் இருக்கிறவர்கள்தானே" என்பார்கள். நம் மாவட்டத்திலேயே இருக்கிறவர்களை மகியங்கனைப் பக்கம் தேடுகிற ஆட்கள் நாங்கள்.

கொட்டியாரப் பற்று (பற்று என்றால் பழைய நிர்வாகப் பிரிவு) என்று பழைய காலத்தில் சொன்ன இந்த நிலத்தை ஆளுகிற உரிமை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, அந்தக் கைமாற்றங்களில் வேடர் எந்த இடத்தில் விடுபட்டுப் போனார்கள் என்பதுதான் இங்கே ஆராயப்படும் விஷயம். பொதுவாக இந்தக் கதையை 2006 போரில் தொடங்குவார்கள், சிலர் 2004 சுனாமியில் தொடங்குவார்கள். நான் அப்படித் தொடங்கப் போவதில்லை. அவை எல்லாம் பெரிய அடிகள்தான், ஆனால் காலுக்குக் கீழே இருந்த நிலம் அதற்கு வெகுகாலம் முன்பே காகிதத்தில் போய்விட்டது. போனது ஒரு காரணத்தால் அல்ல, அதில் ஒரு பங்கு நம்முடையது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லில் இருக்கிறவர்கள்

திருகோணமலை வன்னிபம், அதாவது வன்னியனார் என்ற உள்ளூர்த் தலைவர்களின் ஆட்சி, பற்றி நம் ஆட்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைப் பற்று, கட்டுக்குளப் பற்று, தம்பலகாமப் பற்று, கொட்டியாரப் பற்று என்று நாலு பற்று. அவற்றில் வன்னியனார்கள் இருந்தார்கள். கவிராசவரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டின்படி, கோயில் தொழும்பைத் தானத்தார், வரிப்பத்தார் என்ற இரண்டு தொழும்பாளர் கூட்டத்தாருக்கும் பிரித்துக்கொடுத்த குளக்கோட்டன் என்ற அரசன், அவர்களுக்குள் வழக்கு வந்தால் தீர்ப்பதற்கென்று மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனைக் கொண்டுவந்து வன்னிபமாக வைத்தான். இதை வரலாறு என்று எடுப்பதா ஐதீகம் என்று எடுப்பதா என்ற சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். ஆட்சி என்றால் என்ன என்று அந்தக் காலத்தார் நினைத்தார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. யாருக்கு எந்தக் கடமை, எந்த வயலின் விளைச்சல் எதற்கு, சண்டை வந்தால் யார் சொல் முடிவு என்று எல்லாவற்றையும் பாட்டிலும் வசனத்திலுமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். கோயிலின் பெயரால் எழுதிய அரசியல் யாப்பு என்றே நான் அதைச் சொல்வேன்.

கிளிவெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கங்குவேலியில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. கங்குவேலி வயலைக் கோணைநாதனுக்குக் கொடுத்த செய்தி அது. எனக்கு அதில் பிடித்தது கொடுத்தவர்கள் யார் என்பது. வன்னியனார் தனியாகக் கொடுக்கவில்லை. 'மலையில் வன்னியனார்' என்று கல்வெட்டு சொல்கிறவரும் ஏழூர் அடப்பர்களும் கூடிக் கொடுக்கிறார்கள். அடப்பர் என்றால் ஊர்த்தலைவர் என்று வைத்துக்கொள்ளலாம். வன்னியனார் பெரிய ஆள்தான், இருந்தாலும் ஒரு வயலைக் கைமாற்ற அவர் சொல் மட்டும் போதாது, ஏழு ஊரும் கூடி இருக்க வேண்டும். அந்தக் கூடலைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

மேலே யார் இருந்தார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். யாழ்ப்பாண அரசின் செல்வாக்கு, அப்புறம் கண்டி. 1620இல் கண்டி மன்னன் செனரத் திருகோணமலையை டேனிஷ்காரருக்கு எழுதிக்கொடுத்தான். அவர்கள் நிலைக்கவில்லை. போர்த்துக்கேயர் வந்து 1624இல் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1766 உடன்படிக்கையில் கண்டி மன்னன் கரையோரம் முழுவதையும் அவர்களுக்கே எழுதிக்கொடுத்தான். 1795இல் இங்கிலீசுக்காரர். இத்தனை கைமாற்றத்திலும் கீழே வன்னியனார், அடப்பர் அடுக்கு பெரும்பாலும் அப்படியே இருந்தது, ஏனென்றால் வந்தவன் எல்லோருக்கும் திறையும் நெல்லும் ஆள்வேலையும் வேண்டும், அதைத் திரட்டிக் கொடுக்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். ஒல்லாந்த அதிகாரி வான் செண்டன் 1786இல் இந்தப் பற்றுகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். குளம் ஏன் திருத்தவில்லை, வயல் ஏன் கூட விதைக்கவில்லை என்பதுதான் அவர் கவலை. இங்கிலீசுக்காரர் காலத்திலும் கிழக்கு மாகாணத்தில் வன்னியனார் என்ற பதவி தொடர்ந்தது, ஆனால் அப்போது அவர் அரசாங்கத்துச் சம்பளக்காரர்.

இந்த முழு அடுக்கிலும் வேடர் எங்கே? கல்லில் இல்லை. வயல் கொடுத்தவர்கள் கல்லில் வருகிறார்கள், வயல் வாங்கிய கடவுள் வருகிறார், காட்டில் இருந்தவன் வருவதற்கு அங்கே இடமே இல்லை. வன்னிபத்தின் பெருமையை நாம் பேசும்போது இந்த வெறுமையையும் சேர்த்துப் பேசுவதில்லை. நெல் விளைகிற இடம்தான் ஊர், மற்றது காடு என்ற கணக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது மட்டுமல்ல, நம்மிடமும் இருந்ததுதான்.

ஒரு பலாமரத்துக்காக

காட்டில் ஆட்சி இருந்ததா என்ற கேள்விக்கு நல்ல சாட்சி சொல்கிறவர் வேறு யாருமில்லை, நம் மூதூரில் பிடிபட்ட றொபேட் நொக்ஸ். கப்பல் கொட்டியாரக் குடாவில் நின்றபோது, 1660இல், தகப்பனோடு சேர்த்து இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏறத்தாழ இருபது வருசம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து 1679இல் தப்பினார். 1681இல் புத்தகம் வந்தது. மூதூரில் இன்றைக்கும் அவர் நினைவாக ஒரு இடத்தைக் காட்டுவார்கள்.

நொக்ஸ் வேடரைப் பற்றி எழுதும்போது கொட்டியாரத்தாரைக் குறிப்பாகச் சொல்லவில்லை, பொதுவாக எழுதுகிறார். காட்டுமிராண்டி என்ற தோரணைதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கண்ணால் கண்டவர்களிடம் கேட்டதை ஒழுங்காக எழுதிவிட்டார். வேடர் காட்டை ஆளுக்காள் எல்லை போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்கிறார். ஒரு கூட்டத்தார் அடுத்த கூட்டத்தாரின் எல்லைக்குள் வேட்டையாடக் கூடாது, தேன் எடுக்கக் கூடாது, பழமும் பறிக்கக் கூடாது. அப்படி எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பலாமரம். ஒருவன் அதில் காய் பறித்துக்கொண்டிருக்கிறான். அடுத்த பிரிவைச் சேர்ந்த வேடன் பார்த்துவிட்டு, இது எங்களுடைய மரம், உனக்கு இங்கே வேலையில்லை என்கிறான். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி ஒருவன் மற்றவனை எய்துவிட்டான். இரண்டு பக்கமும் ஆட்கள் கூடிவிட, அந்த இடத்திலேயே இருபது முப்பது பேர் செத்துப் போனார்கள்.

சொல்லக் கேட்டால் கொடூரமான கதை, எண்ணிக்கையில் மிகைப்படுத்தலும் இருக்கலாம். ஆனால் எனக்கு இதைவிடத் தெளிவான காணிப் பத்திரம் கிடைக்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத காட்டில் பலாமரத்துக்கு அடிபட்டுச் சாவார்களா? மரத்துக்கு உரிமை உண்டு, எல்லை உண்டு, எல்லை எங்கே என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும், மீறினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். எழுத்து இல்லை, வேலி இல்லை, அவ்வளவுதான். 1907, 1908இல் வேடரிடையே ஆய்வு செய்த செலிக்மான் தம்பதியரும் காட்டு வேடரின் வேட்டை நிலங்கள் யார் யாருடையவை என்று வகுக்கப்பட்டிருந்ததைப் பதிவு செய்தார்கள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் தமிழ் பேசிக்கொண்டு மீன்பிடிக்கிற கரையோர வேடரையும் அவர்கள் தனியாகக் குறித்தார்கள்.

1840

இங்கேதான் அடி விழுந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம். அதன் சாரம் ஒரு வரியில் அடங்கும்: காடு, தரிசு, ஆட்கள் குடியிராத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கு, அதாவது அரசுக்கு, சொந்தம் என்று கொள்ளப்படும். நிரூபிக்க வேண்டியவன் குடிமகன். சேனைக்கும் தனியாக ஒரு ஏற்பாடு வைத்தார்கள். கண்டிப் பகுதியில் சன்னதமோ (அரசன் கொடுத்த கொடைப் பத்திரம்) வரி கட்டிய சான்றோ காட்டினால் சேனைக்கு ஏதோ ஒரு வழி இருந்தது. கண்டிப் பகுதிக்கு வெளியே உள்ள மாவட்டங்களில், சில வருசம் விட்டு விட்டுப் பயிரிடுகிற சேனை நிலம் நேரே காடு, தரிசு என்ற வகைக்குள் போய்விட்டது.

சேனையின் அறிவே விட்டு விட்டுப் பயிரிடுவதில்தான் இருக்கிறது. வெட்டி எரித்து ஒன்றிரண்டு போகம் எடுத்துவிட்டு நிலத்தை ஆற விடுகிறவன், திரும்பி வரும்போது அது அரசாங்கத்தின் காடு. தேன் எடுக்கிறவன் நிலத்தில் எதையுமே நடுவதில்லை, அவனுக்கு நிரூபிக்க என்ன இருக்கிறது? கோப்பித் தோட்டத்துக்கு மலைநாட்டுக் காணி வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சட்டம் வந்தது. மூதூர்க் காட்டை நினைத்து யாரும் அதை எழுதவில்லை. நினைக்காமலேயே எடுத்துவிட்டார்கள்.

அதே 1840, பெப்ரவரி 6ஆம் தேதி, அதே இங்கிலாந்து முடி நியூசிலாந்தின் வைத்தாங்கியில் மாவோரித் தலைவர்களோடு ஓர் உடன்படிக்கை எழுதியது. அதை முடி ஒழுங்காகக் காப்பாற்றவில்லை, நிலத்தை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள், அது வேறு கதை. ஆனால் காகிதம் ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் 1975இல் வைத்தாங்கி நீதிமன்றம் என்ற விசாரணை மன்றத்தை உருவாக்க வைத்தார்கள். 2017இல் வங்கனூயி ஆறு சட்டப்படி ஓர் ஆளாகவே ஏற்கப்பட்டது, அதன் சார்பில் பேச மாவோரித் தரப்பிலிருந்து ஒருவரும் முடியின் தரப்பிலிருந்து ஒருவருமாக இரண்டு பேர். மீறப்பட்ட வாக்கு என்று காட்ட அவர்களிடம் ஒன்று இருக்கிறது. நம் வேடரோடு யாரும் எதையும் எழுதவில்லை. கண்டி 1815இல் கைமாறியபோது பிரதானிகள் கையெழுத்துப் போட்டார்கள், திருகோணமலையில் ஒல்லாந்தன் கோட்டையை ஒப்படைத்தான். காட்டுக்குள் இருந்தவனிடம் யாரும் கேட்கவே இல்லை.

5,332இலிருந்து 400

அடுத்தது கணக்கெடுப்பு. 1911இல் நாடு முழுக்க வேடர் 5,332 பேர். 1946இல் 2,361. 1953இல் 803. 1963இல் 400. அதற்குப் பிறகு தனியாக எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். இந்த எண்களை வைத்துக்கொண்டு "அழிந்துவரும் இனம்" என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பத்து வருசத்தில் பாதிக்குமேல் செத்துப்போக அங்கே என்ன கொள்ளைநோயா வந்தது? சனம் அப்படியே இருந்தது, எழுதுகிற கை மாறிவிட்டது. நாட்டின் உட்பகுதியில் சிங்களவர் என்று எழுதினார்கள், கிழக்குக் கரையில் தமிழர் என்று எழுதினார்கள். எழுதச் சொன்னவர்களிலும் அவர்களே உண்டு, ஏனென்றால் வேடன் என்பது நம் வாயில் வசைச்சொல். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பார்த்து வாத்தியாரே சொல்கிற சொல். அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு யார் நிற்பார்கள்?

நமக்கும் பங்கு உண்டு என்று மேலே சொன்னேனே, அதில் இதுவும் ஒன்று.

நடமாடும் சேவையில்

போருக்குப் பிறகு மூதூர் கிழக்கு ஊர் ஒன்றின் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த நடமாடும் சேவைக்கு, படிவம் நிரப்பிக் கொடுக்கிற உதவிக்காகப் போயிருந்தேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி என்று மேசை மேசையாகப் போட்டிருந்தார்கள். காணி மேசைக்கு ஒரு வயதான ஐயா வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டை மட்டும்.

"ஐயா, பெர்மிட் இருக்கா?"

"இல்லை தம்பி."

"காணி உறுதிப் பத்திரம்?"

"காட்டுக்கு எங்க தம்பி உறுதி? எங்கட அப்பா செய்த சேனை. தேனுக்குப் போற பக்கமும் அதுதான். இப்ப எல்லைக் கல்லு போட்டுட்டாங்க, உள்ளுக்குப் போனா பிடிக்கிறாங்க."

"எத்தனை ஏக்கர் வரும்?"

ஐயா ஏக்கர் சொல்லவில்லை. முதிரை மரம் ஒன்றைச் சொன்னார், அதிலிருந்து வில்லு (நீர் தேங்குகிற பள்ளம்) வரைக்கும், வில்லுக்கு அங்கால் இன்ன குடும்பம் போகிற பக்கம், அதற்குள் தாங்கள் போவதில்லை என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். மேசையில் இருந்த பையன் கெட்டவன் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டான். கடைசியில் பரப்பளவு என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். படிவத்தில் முதிரை மரத்துக்கு இடமில்லையே, அவன் என்ன செய்வான்.

நொக்ஸ் எழுதியதும் இந்த ஐயா சொன்னதும் ஒரே விஷயம். எல்லை எங்கே, அடுத்தவன் பக்கம் எது, போகலாமா கூடாதா. முந்நூறு வருசத்துக்கும் மேலான இடைவெளியில் சொல்லுகிற முறைகூடப் பெரிதாக மாறவில்லை.

சம்பூரோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். 2006இல் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருசக்கணக்காகக் கிடந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது, பிறகு கைத்தொழில் வலயம் என்றார்கள், அனல்மின் நிலையம் என்றார்கள். விடாமல் போராடி 2015இல் 818 ஏக்கர் திரும்பியது, அடுத்த வருசம் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் வந்தது, அனல்மின் திட்டமும் கைவிடப்பட்டது. பெரிய வெற்றிதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சம்பூரில் கேட்பதற்கு ஒரு பிடி இருந்தது: உறுதி, பெர்மிட், கிணறு, இடிந்த வீட்டின் அத்திவாரம். அதே போரில் அதே காட்டுவழியாக ஓடி அதே முகாம்களில் இருந்துவிட்டு வந்த வேடக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்? அவர்கள் இழந்ததற்கு இழப்பு என்ற பெயரே பதிவில் இல்லை.

தலைவர் எங்கே என்கிறார்கள்

வேடர் என்றால் தோளில் கோடரி, இடுப்பில் துணி, நீண்ட தாடி. அப்படி ஒருவர் வந்து நின்றால்தான் அரசாங்கத்துக்கும் தொலைக்காட்சிக்கும் அடையாளம் தெரியும். தம்பானைத் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1983இல் மாதுறு ஓயாவைத் தேசிய பூங்காவாக்கி வேடரின் வேட்டைக்காட்டை அவர்களுக்கே தடைசெய்தபோது அவருடைய தகப்பன் திசாஹாமி வெளியேற மறுத்து இருந்த இடத்திலேயே இருந்தார். மகன் ஜெனிவாவில் ஐ.நா. வரைக்கும் போய்ப் பேசினார். பொல்லேபெத்தைப் பக்கம் சோளப் பயிர்ச்செய்கைக்காகக் காடு அழித்ததற்கு எதிராக 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். அது உண்மையான தலைமை.

பிரச்சினை என்னவென்றால், அந்த ஒரு அச்சில் வராதவன் வேடன் இல்லை என்று ஆகிவிட்டது. கரையோரத்தில் அப்படி ஒரே தலைவர் என்ற அமைப்பு வெளியே தெரிகிற மாதிரி இல்லை. சடங்கு நடத்துகிற மூத்தவர்கள் இருக்கிறார்கள், தேனுக்குப் போகிறவர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது, ஊர் அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. வில்லும் அம்பும் இல்லை, சாரமும் சேர்ட்டும்தான். சில சமயம் வெளியிலிருந்து வருகிறவர்கள் "உங்கள் தலைவர் யார்" என்று கேட்டுக் கேட்டே ஒருவரைத் தலைவராக்கிவிட்டுப் போகிறார்கள், அதற்குப் பிறகு ஊருக்குள் சண்டை.

இன்னொரு பக்கம் நம் அரசியல்காரர்களின் சந்தேகம். "தமிழரைப் பிரிக்கத்தான் வேடர் வேடர் என்று கிளப்புகிறார்கள், எண்ணிக்கையைக் குறைக்கிற வேலை" என்று வெளிப்படையாகவே சொல்வார்கள். கிழக்கு மாகாணத்தில் காணியும் குடித்தொகையும் எப்படி விளையாடப்பட்டன என்று தெரிந்த யாரும் இதை வெறும் பயம் என்று தள்ள முடியாது. அல்லை நீர்ப்பாசனத் திட்டத்தில் வந்த குடியேற்றத்தையும், சேருவில என்று தனித் தேர்தல் தொகுதி பிரித்ததையும் பார்த்த மாவட்டம் இது. ஆனாலும் அந்தச் சந்தேகத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? யார் முதலில் வந்தது என்ற வழக்கில் சிங்களத் தரப்பும் தமிழ்த் தரப்பும் வேடரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றன, வழக்கில் பங்கு கேட்டால் மட்டும் இரண்டு தரப்பும் எழும்பிப் போய்விடுகின்றன.

நாம் மாகாணத்துக்குக் காணி அதிகாரம் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் காணி மாகாணப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அரச காணி குடியரசுக்கே என்று பின்னிணைப்பில் எழுதிவைத்தார்கள். தேசிய காணி ஆணைக்குழு என்று அரசியலமைப்பில் உள்ளது அமைக்கப்படவே இல்லை. 2013இல் உச்ச நீதிமன்றம் அரச காணி மத்தியிடமே என்று முடித்துவிட்டது. மாகாண சபையும் 2017இல் கலைந்தது, தேர்தல் இல்லாமல் வருசங்கள் போகின்றன. சரி, நாளைக்கே முழு அதிகாரமும் திருகோணமலைக்கு வந்துவிட்டது என்று வைப்போம். அந்த அதிகாரத்தின் கீழும் 1840ஆம் ஆண்டுக் கணக்குத்தானே ஓடும்? கொழும்பு இழுத்த அதே கோட்டைத்தான் திருகோணமலையும் இழுக்கும், அந்த ஐயாவின் கட்டத்தில் கோடு அப்படியே இருக்கும்.

சான்று என்றால் என்ன

1997 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் டெல்கமூக் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. கிட்க்சான், வெட்சுவெட்டன் என்ற இரண்டு சமூகங்கள் தங்கள் நிலத்துக்காகப் போட்ட வழக்கு அது. கீழ் நீதிமன்ற விசாரணையில் ஒரு மூதாட்டி, தங்கள் நிலத்தின் கதையைச் சொல்கிற பாட்டைப் பாட வேண்டும் என்றபோது, நீதிபதி தனக்குப் பாட்டுக் கேட்கிற காது இல்லை, பாடிப் பயனில்லை என்று சொன்னார். பிறகு 1991இல் வழக்கையும் தள்ளினார். உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. வாய்மொழி வரலாறும் பாட்டும் சடங்கும் காணி வழக்கில் சான்றுதான், எழுத்துப் பத்திரத்துக்குச் சமமான இடத்தில் வைத்து எடைபோட வேண்டும் என்றது. நிலத்தை உடனே கொடுத்துவிடவில்லை, மறு விசாரணை என்றுதான் சொன்னது. ஆனால் 2014இல் சில்கோட்டின் வழக்கில் ஒரு சமூகத்துக்கு உண்மையிலேயே நில உரிமை தீர்ப்பானபோது இந்த வழிதான் பயன்பட்டது.

கனடா தூரம் என்றால் இந்தியாவைப் பார்க்கலாம். 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், உரிமை கோருகிறவர் அல்லாத ஊர் மூத்தவர்களின் வாக்குமூலத்தை எழுதி எடுத்தால் அதுவும் சான்று. கோரிக்கையை முதலில் ஏற்பது கிராம சபை. 2013இல் ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பொக்சைட் எடுக்கலாமா என்பதைக் கிராம சபைகள் முடிவுசெய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, டோங்ரியா கோந்த் மக்கள் உள்ள 12 சபைகளும் முடியாது என்றன. சுரங்கம் நின்றது. அந்தச் சட்டம் எல்லா இடத்திலும் ஒழுங்காக ஓடுகிறது என்று சொல்ல வரவில்லை, நிராகரித்த மனுக்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் முதிரை மரத்தை எழுத அங்கே ஒரு கட்டம் இருக்கிறது.

நம் நாட்டில்? 2007 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஆதிவாசிகள் உரிமைப் பிரகடனத்தை 144 வாக்குகளால் நிறைவேற்றியபோது இலங்கையும் கை தூக்கியது. கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எதிர்த்தன. எதிர்த்த கனடாவில் வழக்குப் போட வழி இருக்கிறது, ஆதரித்த இலங்கையில் உள்நாட்டுச் சட்டம் இல்லை. சர்வதேச தொழில் அமைப்பின் 169ஆம் சாசனத்திலும் இலங்கை சேரவில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கிற வேலை இல்லை இது. மூத்தவர்களில் இன்னும் பேசக்கூடியவர்கள் இருக்கும்போதே, சடங்குப் பாட்டில் வருகிற இடப்பெயர், தேன்பக்கம், களப்பில் வலை போடுகிற இடம், அடுத்த குடும்பத்தின் எல்லை எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே பதிந்து, ஊர்க்கூட்டத்தில் வாசித்து, ஆட்சேபணை இருந்தால் அதையும் எழுதி, கிராம சேவையாளரின் கையெழுத்தோடு ஒரு கொப்பி பிரதேச செயலகத்தில் ஒப்படைக்கலாம். போனில் ஜி.பி.எஸ். இருக்கிறது, எல்லைக் கல் எங்கே நிற்கிறது, சேனை எங்கே இருந்தது என்று ஒரே படத்தில் போட ஒரு வாரம் போதும். கையெழுத்து மறுத்தால், மறுத்த தேதியும் ஒரு பதிவுதான். படம் யாரிடம் இருக்க வேண்டும், தேன் மரங்களை வெளியாருக்குக் காட்டலாமா என்பதை ஊர் தீர்மானிக்கட்டும், தொண்டு நிறுவனத்தின் கணினியில் போய் உட்கார்ந்துவிட்டால் அது இன்னொரு கைமாற்றம்.

பெயர் விஷயத்தில் ஊருக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வேடர் என்று பதிய வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் அவமானம் வரும், தமிழர் என்றே இருக்கட்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பிரகடனத்தின் 33ஆம் உறுப்பு அந்த முடிவை அவர்களிடமே விடுகிறது, தமிழராகவும் வேடராகவும் இருப்பதில் எந்த முரணும் இல்லை. காட்டு உரிமையைப் பெயரோடு கட்டிவிடாமல், யார் அந்தக் காட்டைத் தலைமுறையாகப் பாவிக்கிறார்கள் என்பதோடு கட்டினால் இரண்டு தரப்பாரும் ஒரே கொப்பியில் கையெழுத்து வைக்கலாம். அதிகாரப் பகிர்வுக்கென்று அடுத்த முறை திருகோணமலையிலிருந்து போகிற முன்மொழிவில், காட்டோரக் காணியில் மாகாணம் எதையும் செய்வதற்கு முன் அங்கே பாவனை உரிமை உள்ள ஊர்கள் கூடிச் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்க்கலாம். அதற்குக் கனடாத் தீர்ப்பைக்கூட மேற்கோள் காட்டத் தேவையில்லை. கங்குவேலி வயலுக்கு ஏழூர் அடப்பர்கள் கூடியது இதே கொட்டியாரப் பற்றில்தான், அந்தக் கூட்டத்தில் இந்த முறை காட்டோரத்து ஊர்களையும் எண்ண வேண்டும்.